கேட்டுச் சொல்கிறேன்

சால்ட்பாண்ட்
அக்டோபர் 14

அராபா அக்காவுக்கு,

நாட்டு மக்கள் அனைவருக்கும், குறிப்பாக வடக்கே தமாலேயில் ஆசிரியர் பயிற்சி பெற்றுவரும் என் உடன்பிறப்புக்கும், மிகுந்த பொறுப்புணர்வோடு அறிவிப்பது யாதெனில்: கடந்த செவ்வாய்க்கிழமை காலை எபோ எசூமன் அவர்களின் மேலுதட்டில் மீசை தோன்றியது. ஆளுங்கட்சியான நான் இதை உறுதி செய்கிறேன். எதிர்க்கட்சியான அம்மா அது அடுப்புக்கரி என்கிறார். "போய் மூஞ்சியக் கழுவிட்டு வாடா, அப்புறம் பேசலாம்" என்றார். கழுவினேன். பாதி போய்விட்டது. மீதிப் பாதி மறு எண்ணிக்கையில் இருக்கிறது.

உன் உடம்பு எப்படி? வடக்குத் தண்ணீர் ஒத்துக்கொண்டதா? இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. அம்மாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முந்தின நாளே வானிலை அறிக்கை வாசிக்கிறது. அவருடைய சோளமாவுக் கெங்கி உருண்டை வியாபாரம் பரவாயில்லை.

பதினெட்டு ஆகிவிட்டதால் எனக்கும் வாக்காளர் அட்டை வந்துவிட்டது. படத்தில் ஆடு திருடி மாட்டிக்கொண்டவன் மாதிரி இருக்கிறேன். அடுத்த மாதம் ஜனாதிபதி வேட்பாளர்கள் மூன்று பேரையும் டிவியில் ஒன்றாக நிறுத்திக் கேள்வி கேட்கப் போகிறார்களாம். நம் முற்றத்துக் குடித்தனங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே டிவி, வீட்டுக்காரர் ஆக்கன் பெரியவருடையது. ஆளுக்கு ஒரு முக்காலி கொண்டுவந்தால் அனுமதி. லாந்தர் கட்சி டாக்டர், தோணிக் கட்சி கர்னல், சீப்புச் சின்னத்தில் நம்ம மேடம் அமிசா. தோணிக்காரர்கள் தெருத் தெருவாக ஓட்டுக் கேட்கிறார்கள். தோணிக்கு எதற்கு ஓட்டு, ஓட்டையே போதுமே என்றேன். துரத்தினார்கள்.

உன் பழைய தலைமையாசிரியை நாட்டுக்கே தலைமை தாங்க வருகிறார். அவரிடம் நான் வாங்கிய பிரம்படிகளுக்கு நஷ்டஈடு உண்டா என்று கேட்டு எழுது.

மீசையுடன்,
எபோ


தமாலே
அக்டோபர் 29

அன்புத் தம்பி எபோவுக்கு,

லாரி டிரைவர் கையில் உன் கடிதம் கிடைத்தது. அறை முழுக்க வாசித்துக் காட்டினேன், எல்லாரும் உன் மீசைக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்கள். நான் நலமாக இருக்கிறேன். அம்மாவின் காலுக்கு ஷியா வெண்ணெய் கொடுத்தனுப்பியிருக்கிறேன். சூடு பண்ணித் தேய்த்துவிடு, ரொட்டியில் தடவித் தின்றுவிடாதே.

இங்கே பாதி நாள் கரண்ட் இல்லை. அதனால் அந்த விவாதத்தை நீதான் எனக்காகப் பார்க்க வேண்டும். மேடம் எப்படிப் பேசினார், நம் ஆட்கள் என்ன சொன்னார்கள், ஒன்று விடாமல் எழுது.

மேடம் ஜெயிக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும், எபோ. நான் ஆசைப்படுவது சின்ன விஷயம். நம் ஊரில் ஓட்டுப் பெட்டி வைப்பது அவருடைய பழைய பள்ளி வராந்தாவில். அப்பா இறந்த வருஷம் அதே வராந்தாவில் நின்றுதான் அம்மாவிடம், "இவ படிப்பை மட்டும் நிறுத்திடாதீங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார். முடிவு வந்ததும் ஊர் ஊராக ஒட்டுகிற தாள்களில் அவர் முதலில் தேடப்போவது அந்த வராந்தாவின் தாளைத்தான். அதில் அவர் பெயருக்கு நேரே ஒன்றுமில்லை என்று இருக்கக் கூடாது.

என் பெயரும் அந்த வராந்தாவின் வாக்காளர் பட்டியலில்தான் இருக்கிறது. ஆனால் ஓட்டு நடக்கும் டிசம்பர் ஏழாம் தேதி வாரத்தில்தான் எங்களுக்குக் கற்பித்தல் பயிற்சித் தேர்வு. எப்படியாவது வரப் பார்க்கிறேன்.

அம்மாவை அதிகம் சிரிக்க வைக்காதே, கெங்கி கருகும்.

அக்கா,
அராபா


சால்ட்பாண்ட்
நவம்பர் 7

வடக்கு மண்டலப் பொறுப்பாளர் அராபா அவர்களுக்கு,

நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று தலைமைக் கழகம் விரும்புகிறது. வெண்ணெய் வந்தது. ரொட்டிக்கு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் காலுக்கே கொடுத்துவிட்டேன்.

விவாதம். முக்காலிகள் முற்றம் வரை நின்றன. ஆக்கன் பெரியவர் டிவி மேல் இருந்த துணியை மணப்பெண் முகத்திரை மாதிரி எடுத்தார். டாக்டர் எல்லாவற்றுக்கும் தொகை சொன்னார். கர்னல் அதே தொகையை இரண்டால் பெருக்கினார். அடுத்த வருஷம் கோகோவுக்கு என்ன விலை கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். டாக்டர் ஒரு விலை, கர்னல் அதற்கு மேல் ஒரு விலை. மேடத்தின் முறை வந்தது. கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். நிதானமாக, "எனக்குத் தெரியாது. விவசாயிகளையும் கணக்கு வைத்திருப்பவர்களையும் கேட்டுச் சொல்கிறேன்" என்றார்.

முற்றத்தில் முதலில் முடி பின்னும் மான்சா சித்திதான் ஆரம்பித்தார்.

"டிவியில வந்து உக்காந்துட்டு தெரியாதுங்குறாங்களே."

"தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ற ஆளை இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றார் தையல்காரர் பாட்வே. "மத்த ரெண்டு பேரும் ஏலம்ல விடுறானுங்க."

"நடுவுல பேசாதீங்கப்பா. கரண்ட் என் காசு."

"நாங்க பேசுறதுக்கு எவ்ளோ கரண்ட் ஓடுது பெரியப்பா?"

"நீ பேசுறதுக்கு ஊரு கரண்டே பத்தாது மான்சா."

முடிந்ததும் எல்லாரும் ஒருமுகமாகச் சொன்னது: ஜெயித்தது மேடம்தான். ஆக்கன் பெரியவரின் மொட்டைத் தலையே சீப்புப் பக்கம் சாய்ந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள். மறுநாள் சாயங்காலம் கெங்கிப் பானையைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி, விவாதத்தை நானே மறுபடி நடத்தினேன். மூன்று பேருக்கும் நானே குரல். பக்கத்து முற்றத்திலிருந்தும் வந்துவிட்டார்கள். இப்போது தினமும் கேட்கிறார்கள். சிரித்தவர்களை எண்ணிப் பார்த்தேன். நம் முற்றத்தில் மட்டும் மேடத்துக்குப் பதினொரு ஓட்டு, கல்லில் எழுதி வைத்துக்கொள்.

தலைமைத் தேர்தல் தளபதி,
எபோ எசூமன்


தமாலே
நவம்பர் 17

அன்பு எபோவுக்கு,

நலமே. உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். "கேட்டுச் சொல்கிறேன்" என்ற இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. வகுப்பிலும் அப்படித்தான் சொல்வார். மறுநாள் காலை நாம் மறந்திருப்போம், அவர் கேட்டுவந்து சொல்வார்.

பதினொன்று என்பதை என்னால் நம்ப முடியவில்லை. மான்சா சித்தி எப்போதும் லாந்தர் ஆயிற்றே. அம்மா என்ன சொல்கிறார்? அதை மட்டும் நீ எழுதவே இல்லை.

கல்லூரி முதல்வரிடம் பேசிவிட்டேன். "தாராளமாகப் போம்மா, ஆனா தேர்வை அடுத்த வருஷம் முதல்லேருந்து எழுதணும்" என்றார். ஒரு வருஷம் போகும். போனால் போகட்டும் என்றுதான் இருந்தேன். உன் கடிதத்துக்குப் பிறகு யோசிக்கிறேன்.

எபோ, விளையாட்டை வைத்துவிட்டு ஒரு பதில் எழுது. அங்கே நிஜமாகவே ஓட்டு இருந்தால் நான் இங்கேயே இருந்து தேர்வை எழுதுகிறேன். நான் ஒருத்திதான் என்றால் கிளம்பி வருகிறேன், ஒரு வருஷம் போனாலும். நீ சொல்வதை வைத்துத்தான் முடிவு.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அராபா


சால்ட்பாண்ட்
நவம்பர் 24

அக்காவுக்கு,

அனைவரும் நலம், முழங்கால் உட்பட.

வராதே. ஒரு வருஷத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு ஓட்டுச் சீட்டில் ஒரு பெருவிரல் ரேகை வைத்துவிட்டு வருகிற வியாபாரம் எந்தச் சந்தையில் நடக்கும்? பதினொன்று என்று நான் சொன்னது பழைய கணக்கு. இப்போது பள்ளிக்கூடத் தெருவையும் சேர்த்தால் இன்னும் மேலே. நான் நடந்துபோனால் ஆட்கள் கூப்பிட்டு நிறுத்துகிறார்கள். நேற்று மீன் சந்தையில் ஒருத்தர் எனக்கு இலவசமாகப் பொரித்த மீன் கொடுத்தார். தலைவனுக்கே உள்ள மரியாதை. தெருவில் எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன், மேடத்துக்குப் பதினொன்று உறுதி என்று. கேட்டவர்கள் தலையாட்டுகிறார்கள்.

அம்மா ஏதோ எழுதச் சொன்னார். அவர் சொல்வது எப்போதும் நீளம், இங்கே தாள் குறைவு. அதில் ஒன்றும் அவசரம் இல்லை.

நீ தேர்வை எழுது. கோட்டையைப் பிடித்தாயிற்று, கொடி ஏற்றுவதுதான் பாக்கி.

தளபதி


தமாலே
டிசம்பர் 1

எபோ,

சரி. முதல்வரிடம் ஊருக்குப் போகவில்லை என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு வந்து, கட்டிவைத்திருந்த பையைப் பிரித்தேன். பரவாயில்லை. நீ இருக்கிறாய்.

என் பெருவிரலை உன் கையில் கொடுத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள். எத்தனை விழுந்தது என்று எண்ணிய அன்றே எழுது.

அராபா


சால்ட்பாண்ட்
டிசம்பர் 10

பாசமிகு அக்காவுக்கு,

நலம். அம்மாவும் நலம். தேர்வு எப்படிப் போனது? பாடம் எடுக்கும்போது பிள்ளைகள் தூங்காமல் இருந்தார்களா?

இங்கே தேர்தல் அமைதியாக நடந்தது. வரிசை தேவாலயம் வரைக்கும் நின்றது. ஆக்கன் பெரியவர் டிவிக்குக் கொண்டுவந்தது போலவே முக்காலியோடு வந்து, நகரும்போதெல்லாம் அதையும் நகர்த்தினார். என் விரலில் வைத்த மை இன்னும் போகவில்லை. அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார். லாந்தர் நாடு முழுக்க ஜெயித்தது உனக்கே தெரிந்திருக்கும்.

எண்ணும்போது ஒரே கூட்டம், எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. விவரம் பிறகு.

ஹர்மத்தான் தூசிக் காற்று அங்கே தொடங்கிவிட்டதா? உதட்டுக்கு வெண்ணெய் தடவிக்கொள்.

எபோ


தமாலே
டிசம்பர் 18

எபோவுக்கு,

தேர்வு நன்றாக எழுதினேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, தூசிதான்.

எத்தனை?

அராபா


சால்ட்பாண்ட்
டிசம்பர் 24

அக்கா,

உனக்கும் உன் அறைத் தோழிகளுக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். அம்மா கோழி வாங்கியிருக்கிறார். அதற்குக் கர்னல் என்று பெயர் வைத்திருக்கிறேன், நாளை பதவி இழக்கும். வேறு விசேஷம் இல்லை.

எபோ


தமாலே
ஜனவரி 15

எபோவுக்கு,

அம்மாவுக்கும் உனக்கும் புத்தாண்டு நலம் தரட்டும். நான் நன்றாக இருக்கிறேன். தேர்வில் தேறிவிட்டேன், அம்மாவிடம் சொல்.

போன வாரம் மேடம் அமிசா தமாலே வந்திருந்தார். ஓட்டுப் போட்டவர்களுக்கு நன்றி சொல்ல ஊர் ஊராகப் போகிறாராம். எங்கள் கல்லூரிக்கு வந்து என்னைக் கூப்பிட்டனுப்பினார். மெலிந்திருக்கிறார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "தேர்வு இருந்துச்சு, உன்னால வர முடியலை இல்ல? நான் அப்படித்தான் நெனச்சேன்" என்றார். நான் எதற்குச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "நம்ம வராந்தாத் தாளைப் பாத்தேன். ஒண்ணுமில்லன்னு இருந்துச்சு. நீ வந்திருந்தா ஒண்ணு இருந்திருக்கும். அதான், சரி, பிள்ளை படிச்சுட்டு இருக்கான்னு சந்தோஷப்பட்டுக்கிட்டேன்."

பிறகு அவரே சிரித்துக்கொண்டு ஒன்று சொன்னார். சால்ட்பாண்ட் சந்தையில் அவர் வண்டி நின்றபோது சின்னப் பையன்கள் சூழ்ந்துகொண்டு, கண்ணாடி துடைப்பது போல் கையை வைத்து, "கேட்டுச் சொல்றேன், கேட்டுச் சொல்றேன்" என்று கத்தினார்களாம். "யாரு கத்துக் குடுத்தாங்களோ, அச்சு அசலா என்னை மாதிரியே இருந்துச்சு" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

உன்னிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை.

அம்மாவின் காலைப் பார்த்துக்கொள்.

அராபா


சால்ட்பாண்ட்
பிப்ரவரி 2

அக்காவுக்கு,

அம்மா நலம். நீ தேறியதைக் கேட்டு முற்றம் முழுக்கக் கெங்கி கொடுத்தார். உனக்கு எழுத நான்கு முறை உட்கார்ந்தேன். நான்கு முறையும் ஏதாவது வேடிக்கையாகத் தொடங்கிவிட்டது, கிழித்துப் போட்டேன்.

அந்தப் பையன்களுக்குக் கற்றுக்கொடுத்தது நான்.

பானைமேல் ஏறி மூன்று பேரையும் நடத்தினேன் என்று எழுதினேனே, டாக்டருக்கும் கர்னலுக்கும் யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை. மேடத்துக்குத்தான் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, "கேட்டுச் சொல்கிறேன்." அதையே மறுபடி செய்யச் சொன்னார்கள். ஒரு வாரத்தில் ஊர்ப் பேச்சாகிவிட்டது. மான்சா சித்தியிடம் பின்னலுக்கு எவ்வளவு என்றால், "கேட்டுச் சொல்றேன்." பாட்வேயிடம் சட்டை எப்போது தயாராகும் என்றால், அதே. மீன்காரர் எனக்கு மீன் கொடுத்தது அதை நடித்துக் காட்டியதற்கு. நான் அதை ஓட்டு என்று உனக்கு எழுதினேன். சிரித்தவர்கள் எல்லாரும் அவருக்குத்தான் போடுவார்கள் என்று நானும் நம்பினேன்.

அன்று வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற லாந்தர் பையன்கள், "எபோ, ஒரே ஒரு தடவை மேடம் மாதிரி பண்ணுடா" என்றார்கள். பண்ணினேன். வராந்தா முழுக்கச் சிரித்தது, மை வைக்கிற அதிகாரி உட்பட. அடுத்த நிமிஷம் என் முறை. அட்டைத் தடுப்புக்குப் பின்னால், சீட்டில் மூன்று படங்கள். அவர் படத்தில் கண்ணாடி போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, அக்கா. உன்னைப் படிக்கவைத்தவர் என்று ஞாபகமே வரவில்லை. பதினொரு பேர் இருக்கிறார்களே, நான் ஒருவன் எதற்கு, சாயங்காலம் ஜெயிக்கிறவர்களோடு ஊர்வலம் போகலாம் என்று விரலை லாந்தரில் வைத்தேன்.

எண்ணும்போது எல்லாம் தெளிவாகக் கேட்டது. அதிகாரி ஒவ்வொரு சீட்டாகத் தூக்கிக் காட்டி லாந்தர், தோணி, தோணி, லாந்தர் என்று கூப்பிட்டார். சீப்பு என்ற சொல்லே வரவில்லை. கடைசியில் மட்டும் வந்தது: "சீப்பு, இல்லை." நம் முற்றத்து ஆட்கள் எல்லாரும் அங்கேதான் நின்றோம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் பாட்வே, "மத்தவங்க போடுவாங்கன்னு நெனச்சேன்டா" என்றார். மான்சா சித்தி சண்டைக்கே வந்துவிட்டார்.

"நீதானே பதினொண்ணு உறுதி, பதினொண்ணு உறுதின்னு தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்ச. அவ்ளோ இருக்கும்போது நான் ஒருத்தி எதுக்குன்னு வழக்கம்போல லாந்தருக்குப் போட்டுட்டேன். இப்போ என்னைப் பாத்தா?"

அம்மா எழுதச் சொன்னதை நான் உனக்கு எழுதவில்லை. தாள் நிறைய இருந்தது. "உங்க அக்காவை வரச் சொல்லு. அவ வந்து வரிசையில நின்னா நானும் அவ பின்னாடி நிப்பேன். மான்சாவும் வெக்கப்பட்டுக்கிட்டு நிப்பா. உன் கூத்துக்கெல்லாம் ஒருத்தியும் போட மாட்டா." இதுதான் அவர் சொன்னது. உன்னால்தான் ஓட்டு விழுந்தது என்று ஆகிவிடுமே என்று விட்டுவிட்டேன். எண்ணி முடித்த அன்று அம்மா கேட்டார், "நான் சொன்னதை எழுதினியாடா?" எழுதினேன் என்றேன். "அப்படியும் வரலையா அவ" என்று சொல்லிவிட்டு அடுப்புக்குப் போனார். இன்றுவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். இந்தக் கடிதத்தை லாரியில் ஏற்றிவிட்டு அவரிடமும் சொல்லப் போகிறேன்.

மேடத்தின் முகவரி உன்னிடம் இருந்தால் கொடு. என்ன எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை.

பதினொன்று என்று எழுதினேன், அக்கா. என் கையில் இருந்தது ஒன்று. அதையும் நான் போடவில்லை.

எபோ